குதிரையில் வீதிக்கு இறங்கும் பிள்ளைக்கு மஞ்சள் ஜாக்கெட் போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். 13 வயது மகள் கொழும்பில் குதிரையேற்றம் பழகுகிறாள். லாயத்திலிருந்து மைதானத்துக்குப் போக, வாரத்தில் இரண்டு நாள், ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் பொதுவீதியில் குதிரைமேல் போக வேண்டியிருக்கிறது. வகுப்பில் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் மாமாவோ, “அவ்வளவு பெரிய குதிரையே கண்ணில் படாதவனுக்கு ஒரு மஞ்சள் துணியா தெரியப்போகுது? அதைப் பார்த்துக் குதிரைதான் மிரளும்” என்கிறார். வாங்கலாமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் “மனசு கேட்குதில்லை” என்று எழுதியிருந்தீர்களே, அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஜாக்கெட் போட்டுவிட்டால் பிள்ளையை வீதியில் விடலாமா என்பது அது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இல்லை, அதனால் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் கொழும்பில் 22 வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் இங்கிலாந்தில் மூன்று குளிர்காலம் ஒரு லாயத்தில் வேலை செய்தேன். பிற்பகல் 4 மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. அங்கே பொதுவீதியில் குதிரையை நடத்திப் பழகியதுதான் இந்த விஷயத்தில் எனக்கு உண்மையான படிப்பு. முதல் கேள்விக்குப் பதில்: வாங்குங்கள். மகளுக்கு மட்டும் அல்ல, குதிரைக்கும் சேர்த்து வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அது எனக்கே நடந்தது. ஊர் திரும்பிய புதிதில், ஒரு ஜூன் மாத மாலை, மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த நேரம். கொழும்பு 7இல் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் கவிந்த ஒரு வீதி. நான் இருந்தது கருஞ்செம்மைக் குதிரை, போட்டிருந்தது கடும்நீல மேற்சட்டை. பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு ஓட்டோ வெளியே வந்தது. சாரதி வலப்பக்கம் பார்த்தார், அதாவது என்னையே பார்த்தார், பார்த்துக்கொண்டே வண்டியை வீதிக்கு எடுத்தார். முன்சக்கரத்தின் மட்காட் குதிரையின் முன்னங்காலை உரசியது. குதிரை இரண்டு கால்களில் எழுந்து பக்கவாட்டில் குதித்தது. எங்கள் நல்ல காலம், பின்னால் பஸ் வரவில்லை. அந்த மனிதர் இறங்கி, கை நடுங்க, “மிஸ், சத்தியமா காணல்ல. மர நிழல் எண்டுதான் நினைச்சன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. குதிரையின் காலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்த இடத்தை அன்று இரவு உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருக்கையில்தான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்தில் ஒரு நாளும் விட்டுப்போகாத ஜாக்கெட்டை, ‘இங்கே வெயில் நாடுதானே’ என்று பெட்டியில் போட்டுவைத்தது என் தவறு.

450, 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று மாமா கேட்பது நியாயமான கேள்விதான். கண்ணில் படுவது வேறு, மனதில் பதிவது வேறு. சந்தியில் நிற்கும் சாரதி ஒரு பார்வையில் முழு வீதியையும் ஆராய்வதில்லை. தான் எதிர்பார்க்கும் உருவங்களைத் தேடுகிறார்: பஸ், கார், மோட்டார்சைக்கிள், ஓட்டோ. அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காலிமுகத்திடலில் குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு அது கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலுக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரில் அந்தத் திடலே விமான ஓடுபாதையானது. குதிரை வண்டிகள் ஓடிய நகரம் இது. ஆனால் இன்று கொழும்புச் சாரதிக்குக் குதிரை என்றால் ஏப்ரலில் நுவரெலியாப் பந்தயம், அல்லது எப்போதாவது வீதியில் காணும் குதிரைப் பொலிஸ். ஒரு குதிரையை எப்படிக் கடந்துபோவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போதாக்குறைக்கு நம் நகரத்து நல்ல வீதிகள் எல்லாம் மரநிழல் வீதிகள். வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாக விழும் இடத்தில் செம்பழுப்புக் குதிரையின் உருவம் துண்டுதுண்டாக உடைந்துபோகிறது. காட்டில் புள்ளிமான் மறைவது போலத்தான் இதுவும்.

இனி அந்த ஜாக்கெட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். பிரித்தானிய வீதிச் சட்டக்கோவை 48 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொடுக்கும் நிறுத்தத் தூரம் 23 மீற்றர். அதில் 9 மீற்றர் சாரதி யோசித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் போய்விடும், மிச்சம் 14 மீற்றர் பிரேக் பிடித்து நிற்பதற்கு. ஈர வீதியில் பிரேக் தூரம் குறைந்தது இரண்டு மடங்கு. இதெல்லாம் சாரதி கண்ட நொடியிலிருந்து தொடங்கும் கணக்கு. அவர் உங்கள் மகளை இரண்டு வினாடி முன்னதாகக் கண்டால் 28 மீற்றர் மிச்சமாகிறது. ஜாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு அந்த 28 மீற்றருக்குத்தான்.

ஆனால் கடையில் ‘ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்’ என்று விற்கும் ஒரே துணியில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது அந்தப் பளீர் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் துணி. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக அது வெளியே விடுகிறது. அதனால்தான் அந்த மஞ்சள், சாதாரண மஞ்சளைப் போலன்றித் தானே எரிவதுபோல் தெரிகிறது. மேகம் மூடிய நேரத்திலும், விடியலிலும், அந்திக் கருக்கலிலும் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். இருட்டியபின் அதற்கு வேலை இல்லை. மஞ்சள் தெருவிளக்கின் கீழே அது வெறும் வெளிர் துணி. இரண்டாவது பொருள், குறுக்கே ஓடும் வெள்ளிப் பட்டை. அதில் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளோ நுண்பட்டகங்களோ பதிந்திருக்கும். அவை ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். காரின் லைற்றுக்கும் சாரதியின் கண்ணுக்கும் இடையே அதிக தூரம் இல்லை என்பதால், லைற் பட்டதும் அவருக்கு அந்தப் பட்டை வெள்ளையாகப் பற்றி எரிவதுபோல் தெரியும். லைற் போடாத வாகனத்துக்கு அது வெறும் சாம்பல் நாடா. பகலுக்குத் துணி, இரவுக்குப் பட்டை. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனிக் கோணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கொழும்பில் அந்தி மிகக் குறுகியது. இங்கிலாந்தில் கோடைக்காலத்து வெளிச்சம் மெதுவாக, மனம் வராமல் போகும். இங்கே சூரியன் விழுந்து இருபது நிமிடத்தில் இருட்டு. 5.45க்கு மைதானத்தில் ‘இன்னொரு சுற்று’ என்று ஓடவிட்டால், திரும்பும்போது இரவு வந்துவிடும். மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குத் துணி மட்டும் போதாது, பட்டையும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஜாக்கெட்டுக்கு அடங்காத ஒரு நேரமும் இருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது கடலை நோக்கி மேற்கே போகும் வீதிகளில் சாரதிக்கு நேர்முகத்தில் வெயில் அடிக்கும். அவருக்கு முன்னால் போகும் குதிரை, பின்னாலிருந்து ஒளி வரும் கரிய நிழலுருவமாக மட்டுமே தெரியும். மஞ்சளும் கறுப்பு, செம்மஞ்சளும் கறுப்பு. உங்கள் முன்னால் உங்கள் நிழல் நீளமாக விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் வெயில் அடிக்கிறது. உங்கள் கண்ணிலேயே வெயில் அடித்தால், பின்னால் வருபவரின் கண்ணிலும் அடிக்கிறது. பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது இது. அந்த நேரத்தில் அந்த வீதி வேண்டாம். பத்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டுப் போகலாம்.

நிறத்தைப் பற்றி. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது மஞ்சட்பச்சை. அதனால்தான் எங்கும் அந்த நிறம். ஆனால் கண்ணை இழுப்பதில் பிரகாசத்துக்குச் சமமான பங்கு பின்னணியோடு முரண்படுவதற்கும் உண்டு. இலைகளுக்கு முன்னால் மஞ்சட்பச்சை கொஞ்சம் கரைந்துபோகும், செம்மஞ்சளும் பளீர் இளஞ்சிவப்பும் கரையாது. மறுபக்கம், சிவப்பு பச்சை பிரித்தறியாத கண்ணுள்ள ஆண்கள் கணிசமானவர்கள், அவர்களுக்குச் செம்மஞ்சள் அவ்வளவாக எடுபடாது. வெளிச்சம் மங்க மங்கச் சிவப்புச் சார்ந்த நிறங்கள் எல்லோருக்கும் முதலில் கறுத்துப்போகும். ஆகவே என் பழக்கம் இரண்டையும் கலப்பது. பிள்ளைக்கு மஞ்சள் ஜாக்கெட், குதிரையின் நெஞ்சிலும் பின்புறத்திலும் செம்மஞ்சள். இது கைப்பழக்கத்தில் வந்த முடிவு. எந்த நிறம் சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். பிள்ளை உடம்பில் ஏதோ ஒரு பளீர் நிறம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரியது.

குதிரைக்கும் சேர்த்து வாங்கச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் சொல்கிறேன். குதிரைக்கு நேர் முன்னால் போய் நின்று பாருங்கள். கழுத்தும் தலையும் பிடரியும் பிள்ளையின் நெஞ்சில் பாதியை மறைத்துவிடும். ஜாக்கெட்டின் முன்பக்கம் எதிரே வரும் சாரதிக்குக் கொஞ்சம்தான் தெரியும். இன்னொன்று: இரவில் காரின் தாழ்லைற் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காமலிருக்கக் கீழ்நோக்கிச் சாய்த்துவைத்தது. குதிரைமேல் இருக்கும் பிள்ளையின் நெஞ்சு நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தூரத்தில் வரும் காரின் வெளிச்சம் அங்கே மிகக் குறைவாகத்தான் எட்டும். முதலில் வெளிச்சம் படுவது குதிரையின் கால்களில். அதனால்தான் பிரித்தானியச் சட்டக்கோவையும், இருட்டில் போக நேர்ந்தால் குதிரையின் கணுவுக்கு, அதாவது குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டுக்கு, மேலே ரிஃப்ளெக்டர் பட்டி கட்டச் சொல்கிறது. அதோடு முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் காட்டும் லைற் ஒன்றைச் சவாரி செய்பவரின் வலக்கையிலோ வலக்காலிலோ கட்டச் சொல்கிறது. அங்கும் இங்கும் வாகனம் கடப்பது வலப்பக்கம் என்பதால் இது நமக்கும் அப்படியே பொருந்தும்.

கால்பட்டியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அசையாத ஒரு வெளிச்சப் புள்ளி குப்பைத்தொட்டியாகவும் இருக்கலாம், வீதிப் பலகையாகவும் இருக்கலாம். நான்கு புள்ளிகள் நிலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழும் ஆடினால், ‘உயிருள்ளது நடக்கிறது’ என்று மூளை உடனே பிடித்துக்கொள்ளும். மனித நடையை வைத்துப் பார்வை ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். கணுக்கால், முழங்கால் போன்ற மூட்டுகளில் பட்டை போட்டவரை, நெஞ்சில் மட்டும் போட்டவரைவிட நெடுந்தூரத்திலேயே சாரதிகள் ‘மனிதர்’ என்று இனங்கண்டார்கள். காசு ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், மாலை நேரத்துக்கு ஜாக்கெட்டைவிட நான்கு கால்பட்டிகளையே நான் தெரிவுசெய்வேன்.

இவ்வளவும் எனக்குச் சந்தேகமில்லாத பகுதி: பளீர் நிறமும் பட்டையும் முன்கூட்டியே தெரியவைக்கும். முன்கூட்டியே தெரிவதால் விபத்து எவ்வளவு குறையும் என்பதில்தான் கவனமாகப் பேச வேண்டும். டென்மார்க்கில் 6,793 சைக்கிள்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பளீர் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த முடிவின்படி, மற்ற வாகனங்களோடோ ஆட்களோடோ மோதிக் காயப்பட்ட விபத்துகள் ஜாக்கெட் குழுவில் 47 சதவீதம் குறைவு. ஆனால் விபத்துகளை அவர்களே அறிவித்தார்கள், ஜாக்கெட் போட்டவருக்குத் தான் போட்டிருப்பது தெரியும். அதனால் வரக்கூடிய சாய்வைச் சரிக்கட்டியபோது அது 38 சதவீதமானது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் மோட்டார்சைக்கிள்காரர்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், பளீர் அல்லது ரிஃப்ளெக்டர் உடை போட்டவர்களுக்கு விபத்துக் காயம் 37 சதவீதம் குறைவாகக் கண்டார்கள். இந்த எண்கள் மனதுக்கு ஆறுதல் தருகின்றன. ஆனாலும் அவை சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் பற்றியவை. குதிரை மிரளும், சைக்கிள் மிரளாது. தானாகவே ஜாக்கெட் தேடிப் போடுபவர் பொதுவாகவே கவனமானவராக இருப்பார் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே ‘உங்கள் மகளுக்கு ஆபத்து இத்தனை சதவீதம் குறையும்’ என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். குறையும் என்பது வரை நம்பலாம்.

மறுபக்கத்துச் சாட்சியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்பவர், ஏழு விதமான உடைகளோடு சைக்கிள்காரர் போகையில் கார்கள் எவ்வளவு இடைவெளி விட்டுக் கடக்கின்றன என்று அளந்தார். உடை எதுவானாலும், ஒன்றிரண்டு சதவீதம் பேர் 50 சென்ரிமீற்றருக்குள் உரசுவதுபோல் கடந்தார்கள். ‘பொலிஸ்’ என்ற சொல்லும் ‘கமரா பதிவாகிறது’ என்ற எச்சரிக்கையும் இருந்த ஜாக்கெட்டுக்கு மட்டும் சராசரியாகச் சில சென்ரிமீற்றர் கூட விட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஜாக்கெட் காணவைக்கும், ஆனால் மரியாதையாகக் கடக்கவைக்காது என்பது. கண்டும் ஹோர்ன் அடிப்பவனை, கண்டும் உரசிக்கொண்டு போகிறவனை எந்தத் துணியும் திருத்தாது. பொலிஸ் என்று நினைக்கவைக்கும் ஜாக்கெட்டை வாங்கலாமே என்று யோசிக்காதீர்கள். ஆள்மாறாட்டம் என்று வீண் பிரச்சினை வரும், அதில் போய் ஒரு பிள்ளையை மாட்டிவிடக் கூடாது.

குதிரை மிரளும் என்று மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நிறத்தைக் கண்டு மிரளாது. நம் கண்ணில் நிறத்தை அறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகை, குதிரைக்கு இரண்டு. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. அதை மிரட்டுவது படபடக்கும் நுனியும் சரசரக்கும் சத்தமும்தான். அதிலும் வெல்குரோவைப் பிரிக்கும் அந்தக் ‘கர்ர்ர்’ சத்தம். முதுகுக்கு மேலே, அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அந்தச் சத்தம் கேட்டால், புலி பாய்ந்தது என்றுதான் குதிரை எடுத்துக்கொள்ளும். குதிரைமேல் இருந்தபடி ஜாக்கெட்டைப் போடவோ கழற்றவோ கூடாது என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிடி இல்லாத கை, வெல்குரோச் சத்தம், மிரண்ட குதிரை, மூன்றும் ஒரே நொடியில் சேரும். பழக்குவது எளிது. முதல் நாள் லாயத்துக்குள் ஜாக்கெட்டைக் குதிரை முகர்ந்து பார்க்க விடுங்கள். பிறகு கழுத்தில், தோளில், வயிற்றில், பின்புறத்தில் மெதுவாகத் தடவ வேண்டும். காது பின்னால் மடிந்தால் கையை எடுக்காமல் அப்படியே நிறுத்தி, தலை தாழ்ந்து வாயை அசைத்து மெல்லத் தொடங்கியதும் எடுக்க வேண்டும். வெல்குரோவை நான்கடி தள்ளி நின்று பிரித்துக்காட்டி, நாளுக்கு நாள் நெருங்க வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான குதிரைகளுக்கு மூன்று நாள், பயந்த சுபாவமுள்ளதற்கு இரண்டு வாரம். இதை மகள் தனியாகச் செய்யக் கூடாது, பயிற்சி கொடுப்பவர் செய்ய வேண்டும்.

வாங்க வேறெங்கும் அலைய வேண்டாம். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடைகளில் கட்டட வேலைக்காரருக்கு விற்கும் ஜாக்கெட்டே போதும், ஆனால் பார்த்து வாங்குங்கள். உள்ளே தைத்த லேபலில் ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்ற தரக் குறியீடும் வகுப்பு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு 2 என்றால் பளீர் துணி குறைந்தது 0.50 சதுர மீற்றரும் பட்டை 0.13 சதுர மீற்றரும் இருக்க வேண்டும். பட்டை 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம் இருக்க வேண்டும். மலிவானவற்றில் சில வெறும் வெள்ளிச்சாயம் பூசிய நாடா, ஒளியைத் திருப்பி அனுப்பாது. நம் வெயிலுக்கு வலைத்துணி நல்லது. உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், பெரிய ஆளின் அளவை வாங்கி ‘வளரும் பிள்ளைதானே’ என்று விட்டால் காற்றில் படபடக்கும். அதன்மேல் புத்தகப்பை மாட்டினால் ஜாக்கெட் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். கால்பட்டிக்குப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் ரிஃப்ளெக்டர் நாடா வாங்கி, மென்மையான பட்டியில் தைத்துக்கொள்ளலாம். வெறும் நாடாவைக் காலில் இறுக்கக் கூடாது, இரத்த ஓட்டம் கெட்டுவிடும், இரண்டு விரல் நுழைய வேண்டும். துவைத்தால் வெளுப்புக்காரம் போடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். பளீர் நிறத்தைத் தின்பது வெயில்தான். மடித்த இடத்தையும் வெளியே தெரியும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் புதிது வாங்கும் நேரம்.

தலைக்கவசத்தை ஒரு வரியில் கடந்துவிட எனக்கு மனமில்லை. ஜாக்கெட்டுக்கு முன்னால் வருவது அது. மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டோ சைக்கிள் ஹெல்மெட்டோ சரிவராது, குதிரையிலிருந்து விழும் விதம் வேறு. குதிரையேற்றத்துக்கென்று செய்ததையே வாங்குங்கள். பாஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163 ஆகிய தரக் குறிகளில் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீதியில் குதிரையில் போனால் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், அதற்கென்றே 1990இல் சட்டம் வந்தது. ஒருமுறை தலை அடிபட விழுந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அந்தக் கவசத்தைத் திரும்பப் போடக் கூடாது. அதன்மேல் பளீர் உறை ஒன்று போட்டுவிடுங்கள். மதிலுக்கு மேலாகவும், நிறுத்தியிருக்கும் வான் வண்டிக்கு மேலாகவும் முதலில் தெரிவது அந்தத் தலைதான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. ஜாக்கெட் போட்டதால் மட்டும் நான் எந்தப் பிள்ளையையும் கொழும்பு வீதியில் இறக்கமாட்டேன். இறக்குவதற்கு முன் நான் கேட்கும் கேள்விகளை நீங்களும் வகுப்பில் போய்க் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பிள்ளை போகும் குதிரை பஸ் ஹோர்னுக்கும் ஓட்டோச் சத்தத்துக்கும் பழகியதா, எத்தனை நாளாக வீதியில் போகிறது? முன்னால் அனுபவமுள்ள ஒருவர், அமைதியான இன்னொரு குதிரையில் போகிறாரா? சந்தியில் இறங்கி நின்று வாகனத்தை மறிக்க ஆள் இருக்கிறதா, அவரும் ஜாக்கெட் போட்டிருக்கிறாரா? மழை இறங்கினால் போவார்களா, நிற்பார்களா? நான் நிற்பேன். வைப்பர் ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளும் கலங்கித்தான் தெரியும், ஈரம் படிந்த பட்டையில் பல வகை முன்போல் ஒளி தராது. எத்தனை மணிக்கு வீதிக்கு இறங்குகிறார்கள்? பாடசாலை தொடங்கும் நேரமும் விடும் நேரமும் கூடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரம், அதுதான் கொழும்பு குதிரைக்கு இடம்விடும் நேரம். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விவரமாகப் பதில் சொன்னால் பிள்ளையை விடலாம். “ஜாக்கெட் போட்டிருக்கும்தானே” என்று மட்டும் சொன்னால், அந்த அரைக் கிலோமீற்றரையும் பிள்ளை இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு நடந்து போகட்டும். அல்லது குதிரை முன்னால் போகட்டும், பிள்ளையை நீங்கள் மைதானத்தில் கொண்டுபோய் விடுங்கள். இரண்டுமே வெட்கப்பட வேண்டியது அல்ல, நானே புதுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

இதைப் படிக்கிற சாரதிகளுக்கும் ஒன்று. குதிரையைக் கண்டால் ஹோர்னில் இருந்து கையை எடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். பிரித்தானியாவில் 2022 ஜனவரியில் திருத்திய விதி, மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீற்றர் இடைவெளி விட்டுக் கடக்கச் சொல்கிறது. நம் கணக்கில் 16 கிலோமீற்றர் வேகம். இடம் போதாவிட்டால் பின்னால் நில்லுங்கள். கடந்தபின் உடனே அக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், குதிரைக்குப் பின்பக்கச் சத்தம்தான் அதிகம் பயம்.

சகோதரி, வாங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். இருட்டியபின் மகளை ஜாக்கெட்டோடு ஒழுங்கையின் கடைசியில் நிற்கவையுங்கள். நீங்கள் வாசல் கேற்றில் நின்று, கைபேசி டோர்ச்சை உங்கள் கண்ணுக்கு அருகில், கன்னப்பொறியோடு ஒட்டிப் பிடித்து அவள்மேல் அடியுங்கள். பட்டை வெள்ளையாகச் சுடர்விட்டால் நல்ல சாமான், மங்கலாகச் சாம்பலாகத் தெரிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அவளைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பாருங்கள், பல ஜாக்கெட்டுகளில் விலாப்பக்கம் வெறுமையாக இருக்கும், ஓட்டோ வருவதோ அந்தப் பக்கத்திலிருந்து. பிள்ளை குதிரைமேல் இருக்கும்போது முன்னால், பின்னால், பக்கவாட்டில் மூன்று படம் எடுத்து, முகம் தெரியாமல் இங்கே போடுங்கள். எங்கே பட்டை குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.